வீரபாகு சொன்ன ஓம்

துணுக்காய்ப் பக்கத்துக் குடியேற்றத்திட்டம் ஒன்றில் வீரபாகு என்றொரு கமக்காரர் இருக்கிறார். வயது அறுபத்திரண்டு. குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசுக்குக் கிட்ட மூன்று ஏக்கர் வயல், வீட்டோடு சேர்ந்த தோட்டக்காணி, ஒரு பழைய மோட்டார் சைக்கிள், இராசேஸ்வரி என்ற மனைவி, பேச்சுக்கென்றே அலுமாரியில் மடித்து வைத்த ஒரு வெள்ளைச் சட்டை. இவற்றில் அவர் மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டது அந்தச் சட்டையைத்தான்.

செத்தவீட்டில் இரங்கலுரை என்றால் வீரபாகு. முன்பள்ளி விளையாட்டுப் போட்டியில் வரவேற்புரை என்றால் வீரபாகு. கமக்கார அமைப்பின் கூட்டம் இழுபறியில் நின்றால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பதும் வீரபாகுவைத்தான். முப்பது வருடமாக இதுதான் வழக்கம். ஒரு தேத்தண்ணீருக்கு மேல் யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. ஆனால் பேசி முடித்து இறங்கும்போது நாலு பேர் கையைப் பிடித்து "நல்லாய்ப் பேசினீங்கள் அண்ணை" என்று சொல்லாவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. இது இராசேஸ்வரிக்குத் தெரியும், கறியைக் குறை சொல்லும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

வாயில் வந்ததைப் பேசுகிறவர் என்று அவரை நினைத்தால் பிழை. மைக்கைப் பிடித்ததும் பேச மாட்டார். பின்வரிசையில் கதைத்துக்கொண்டிருப்பவன் "ஏன் இவர் இன்னும் தொடங்கவில்லை" என்று நிமிர்ந்து பார்க்கும் வரைக்கும் நிற்பார். முக்கியமான இடம் வரும்போது மற்றவர்கள் குரலை உயர்த்துவார்கள், அவர் தாழ்த்துவார். சனம் காதைக் கொடுக்க முன்னால் சாயும். கனமான ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு மனதுக்குள் மூன்று எண்ணுவார். ஒன்று, இரண்டு, மூன்று. அந்த மூன்றாவதில்தான் சொல் உள்ளே போகும் என்பார், இராசேஸ்வரி கேட்கிறாரோ இல்லையோ.

இதெல்லாம் சில்லறை. அவருடைய பெரிய வித்தை இரண்டு ஓம்.

சபையை ஒரு காரியத்துக்குச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்றால் முதலில் யாரும் இல்லையென்று சொல்ல முடியாத ஒன்றைக் கேட்க வேண்டும். அதற்கு ஒரு ஓம் விழுந்துவிட்டால், அந்தச் சூடு ஆறுவதற்கு முதல் வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும். இரண்டாவது ஓம் தானாக வரும். முதலாவது தானாக வராது. அதற்குத்தான் பிரதீபன். இராசேஸ்வரியின் தம்பி, ஐம்பத்தைந்து வயது, மூன்றாம் வரிசையில் ஓரக் கதிரை. வீரபாகு கேள்வியைக் கேட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். உடனே பிரதீபன் யோசித்துப் பார்த்தவன் மாதிரித் தலையை ஆட்டி "ஓம்" என்பான். பக்கத்தில் இருப்பவர்களும் ஓம் என்பார்கள்.

"எங்கட பிள்ளையள் இந்தச் சேத்துக்குள்ளாலதானே பள்ளிக்கூடம் போகுதுகள்?" கண்ணாடி கழரும். ஓம். "அப்ப ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒருத்தர் மண்வெட்டியோட வரலாம்தானே?" ஓம். சொல்லி முடித்த பிறகுதான் சனத்துக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது என்று. பள்ளிக்கூடத்துக்குப் போகிற அந்த ஒழுங்கைத் தெரு அப்படித்தான் போடப்பட்டது. அதில் இன்றைக்கும் வெள்ளம் நிற்பதில்லை.

இப்படி ராசா மாதிரி இருந்த மனிதரின் வயிற்றில் நெருப்பை வைத்தது ஒரு செத்தவீடு.

இறந்தவர் ஓய்வுபெற்ற தபாற்காரர். வீரபாகு பன்னிரண்டு நிமிடம் பேசினார். ஒளிவிளக்கு அணைந்தது, ஆலமரம் சாய்ந்தது எல்லாம் ஒழுங்காக வந்தன. பேச்சின் நடுவில் முன்வரிசையில் ஒருவர் போனை எடுத்துப் பார்த்ததையும் அவர் கண்டார், விட்டுவிட்டார். அவர் இறங்கியதும் தபாற்காரரின் மகள், பந்தல் கயிற்றை இறுக்கிக்கொண்டு நின்ற வீரையாவைப் பார்த்து, "நீங்களும் ரெண்டு சொல் சொல்லுங்கோ, அப்பா உங்களில நல்ல விருப்பம்" என்றாள்.

வீரையா மலைநாட்டில் பிறந்தவர். எண்பத்துமூன்றுக் கலவரத்தோடு சின்னப் பெடியனாக வந்து, வீரபாகுவின் தகப்பனுடைய வயலில் கூலிக்கு நின்று, பிறகு வாய்க்காலின் வால்பக்கத்தில் இரண்டு ஏக்கர் கிடைத்துக் கமக்காரன் ஆனவர். நாற்பது வருடம் வன்னியில் இருந்தும் ஓம் என்று வராது, ஆமாதான் வரும். மைக்கை டோர்ச் லைட் பிடிப்பதுபோலப் பிடித்தார்.

"எனக்கு ஒரு கடுதாசி வந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு இவரே வாசிச்சுக் காட்டினாரு. ஊர்ல அம்மா செத்துப்போச்சுன்னு கடுதாசி. வாசிச்சுட்டு இவரு போகலை. சைக்கிளை வேலியில சாத்திட்டு, பொழுது சாயிற வரைக்கும் என்கூடவே உக்காந்திருந்தாரு. மத்தவங்க கடுதாசி எல்லாம் அடுத்த நாள்தான் போச்சு."

அவ்வளவுதான். மைக்கைக் கொடுத்துவிட்டுப் பந்தல் கயிற்றுக்குப் போய்விட்டார். போன் பார்த்தவர் உட்பட முன்வரிசை முழுவதும் அழுதது. வீரபாகுவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஊர் அழட்டும், தான் ஏன் அழ வேண்டும்?

அன்று தொடங்கிய எரிச்சல். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று அந்தக் கடிதக் கதையைத் தன் குரலில் சொல்லிப் பார்த்தார். எங்கே குரலைத் தாழ்த்தினான், எங்கே எண்ணினான், எந்த இடத்தில் பிடித்தான் என்று பிரித்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. இராசேஸ்வரி குசினிக்குள் இருந்து, தபாற்காரரை எத்தனை தரம்தான் எரிக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்.

அதோடு நின்றாலும் பரவாயில்லை. அந்த வருட வாணிவிழா அழைப்பிதழில் சிறப்புரை என்ற இடத்தில் வீரையாவின் பெயர் இருந்தது. வீரபாகுவுக்கு நன்றியுரை. நன்றியுரை என்றால் என்ன? சனம் எழும்பி, பிள்ளைகள் அவல் சுற்றிய கடதாசிச் சரைக்கு அடிபட்டு, பின்னால் கதிரை அடுக்குகிற சத்தத்துக்குள் ஒரு மனிதன் மைக்கோடு தனியாக நிற்பது. அவர் மூன்று எண்ணி முடிப்பதற்குள் பாதிச் சனம் படலையைத் தாண்டிவிட்டது.

வெளியே அவர் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. வீரையாவைக் கண்டால் "பேச்சு நல்லம்" என்பார். அந்த மனிதனும் "எல்லாம் ஐயா பேசுறதைக் கேட்டுத்தான்" என்பார். அதைக் கேட்டால் இன்னும் பற்றிக்கொண்டு வரும். பச்சைப் பொறாமைதான், வேறு பெயர் வைக்கத் தேவையில்லை. வீரபாகுவே இரவில் படுக்கையில் அதற்கு வேறு பெயர் தேடிப் பார்த்து, கிடைக்காமல் மறுபக்கம் திரும்பிப் படுத்தவர்தான்.

இந்த நிலையில்தான், குளத்துத் தண்ணீரை நம்பி விதைக்கிற சிறுபோகம் இந்த வருடம் வந்தது.

மாரி பொய்த்துவிட்டது. குளத்தில் கிடந்த தண்ணீர் துருசுக்குக் கிட்டிய மேல் வயல்களுக்கு மட்டும் காணும். அந்த வயல்கள் நாற்பது பேருக்குச் சொந்தம், வீரபாகு அதில் ஒருவர். வால்பக்கத்தில் நூற்றுச் சொச்சக் குடும்பம். முந்திய காலத்தில் இப்படியான வருடங்களில் மேல் வயலை எல்லோருக்கும் பங்கு பிரித்து, அந்த ஒரு போகத்துக்கு மட்டும் ஆளுக்கு ஒரு துண்டு விதைக்கக் கொடுப்பார்கள். அறுவடை முடிந்ததும் காணி காணிக்காரனுக்கு. பிறகு நல்ல மழைகள் வர அந்த வழக்கம் விட்டுப்போனது. இப்போது வால்பக்கம் அதைத் திரும்பக் கேட்டது. இரண்டு வருடமாகச் சிறுபோகம் இல்லாமல், அந்தப் பக்கத்து ஆண்கள் பலர் கொழும்பில் கூலி வேலைக்குப் போயிருந்தார்கள். இந்த முறையும் இல்லையென்றால் மிச்சப் பேரும் பஸ் ஏறுவார்கள்.

கையெண்ணிக்கையால் முடிகிற காரியம் அல்ல இது. காணிக்காரர் சம்மதிக்க வேண்டும். அவர்கள் ஓம் என்றால் அதிகாரிகள் எழுதிக்கொள்வார்கள், இல்லையென்றால் பேச்சே இல்லை.

வீரபாகுவுக்கு மூன்று ஏக்கரும் விதைத்தே ஆக வேண்டும் என்றில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். வேறு யாராவது கேட்டிருந்தால் அவரே எழும்பி, பங்கு பிரிப்போம் என்று அழகாக ஒரு பேச்சுப் பேசி, பத்துப் பேர் கையைப் பிடிக்க இறங்கியிருப்பார். ஆனால் வால்பக்கத்துக்காகப் பேசப்போவது வீரையா என்று பிரதீபன் வந்து சொன்னான். அந்த நிமிடமே வீரபாகு மேல் வயல்காரர்களுக்காகப் பேசுவதென்று முடிவெடுத்துவிட்டார். இராசேஸ்வரியிடம் வெள்ளைச் சட்டையை மினுக்கித் தரச் சொன்னார்.

பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம். மேசையில் அதிகாரிகள், முன் கதிரைகளில் மேல் வயல்காரர், பின்னாலும் யன்னல்களுக்கு வெளியிலும் வால்பக்கம். வீரபாகு முதலில் பேசினார். நின்றார், காத்திருந்தார், தொடங்கினார். தகப்பன்மார் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இந்தக் காட்டை வெட்டின கதை சொன்னார். குரலைத் தாழ்த்தினார்.

"மேல் வயல் காணிப் பெமிற் எங்கட பேரிலதானே கிடக்கு?"

கண்ணாடி கழன்றது. "ஓம்" என்றான் பிரதீபன்.

"அப்ப விதைக்கிறதும் நாங்கள்தானே?"

முன் கதிரைகள் எல்லாம் ஓம் என்றன. வீரபாகு வந்து கதிரையில் இருந்தார். கூட்டம் முடிந்தது என்றே அவருக்குப் பட்டது. இனி அவன் அழ வைத்தாலும் காணி நகராது.

வீரையா எழும்பினார். மைக் கதிரையில் முட்டிக் கீச்சிட்டது. வீரபாகுவுக்கு உள்ளே ஒரு சந்தோசம்.

"அம்பத்துமூணு கூடாரம்," என்றார் வீரையா. "சண்டை முடிஞ்சு முகாம்ல இருந்து திரும்பி வந்தப்ப அம்பத்துமூணு கூடாரம் போட்டோம். நான் எண்ணியிருக்கேன். கீழ் வயல்ல கண்ணிவெடி எடுக்கலை. மேல் வயல் மட்டும்தான் சுத்தம். ஒரேயொரு உழவு மெசின். யாரோட வரம்பு எதுன்னே தெரியாத மாதிரி பத்தை மண்டிக் கிடந்துச்சு. வெட்டினோம். வெதச்சோம். அறுத்து, கூடாரத்துக்கு இத்தனை மூடைன்னு பிரிச்சோம்."

மண்டபத்து யன்னலுக்கு வெளியே நின்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வீரபாகு அந்தக் காலம் நினைவுக்கு வராமல் இருக்கப் பார்த்தார், வந்தது. பத்தை வெட்டிக் கை முழுவதும் முள்ளுக் கீறல். பக்கத்தில் யார் வெட்டினார்கள் என்றே பார்க்காமல் வெட்டிய நாள் அது.

"அன்னைக்கு அந்த மேல் வயல்ல நம்ம எல்லாரும் ஒண்ணாத்தானே எறங்கினோம்?"

நிறுத்தினார்.

வீரபாகுவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. என்ன இடத்தில் நிறுத்துகிறான். முதல் ஓம் கேட்கிற கேள்வி, யாரும் இல்லையென்று சொல்ல முடியாத கேள்வி, அளவெடுத்து வைத்ததுபோல ஒரு மௌனம். இந்த மௌனம் தன் பேச்சில் வந்திருக்க வேண்டியது. முப்பது வருடத்தில் ஒரு தரமாவது தனக்கு வந்திருக்க வேண்டியது. பொறாமையில் அவருக்கு வாய் கசந்தது. கசந்துகொண்டே பழக்கத்தில் எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்றில் ஓம் விழ வேண்டும். விழவில்லை.

முன் கதிரைகள் ஒன்றையொன்று பார்த்தன. பின்னால் இருப்பவர்களுக்கு வாய் திறக்கப் பயம். பிரதீபன் வீரபாகுவின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான், அது மூக்கில் இருந்து அசையவில்லை. நான்கு. இன்னும் ஒரு நொடி போனால் இந்த மௌனம் பழுதாகிவிடும், யாராவது இருமுவான், பிறகு அதை எடுத்து நிறுத்த ஒருவராலும் முடியாது. பொங்கி வரும் பாலை இறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி? ஐந்து.

"ஓம்," என்றார் வீரபாகு.

முதல் ஓம் விழுந்தால் இரண்டாவது எப்படி வரும் என்று அந்த மண்டபத்தில் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? சொன்ன வாயை மூட முதலே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வீரையா அவரைப் பார்த்தார்.

"அப்ப இந்த வருசமும் எறங்கலாமா ஐயா?"

வீரபாகுவே சரியென்றால் நாங்கள் ஏன் இழுக்க வேண்டும் என்று நினைத்தார்களோ, அந்த முட்களின் கீறல் அவர்களுக்கும் ஞாபகம் வந்ததோ, முன் கதிரைகளில் ஒன்று ஓம் என்றது, பிறகு இன்னொன்று, பிறகு எல்லாம். பின்னால் இருந்து வந்த ஓம் யன்னல் வழியாக ஒழுங்கை வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். அதிகாரி எழுதிக்கொண்டார்.

தேத்தண்ணீர் குடிக்கும்போது வீரபாகுவின் கையைப் பிடிக்க வரிசை. என்ன பெருந்தன்மை, தன் பேச்சைத் தானே வெட்டி ஓம் என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும் என்றார்கள். அவர் சிரித்துச் சமாளித்தார். கடைசியாக வீரையா வந்தார், பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, நீங்க மட்டும் ஆமான்னு சொல்லலைன்னா என் மானம் போயிருக்கும். அந்த எடத்துல எனக்கு எல்லாம் மறந்து போச்சுங்க. அடுத்து என்ன சொல்லணும்னே தெரியலை. சும்மா நின்னேன்."

வீரபாகுவின் கையில் இருந்த தேத்தண்ணீர் கொஞ்சம் சரிந்து வெள்ளைச் சட்டையில் சிந்தியது. மறந்து போனானாம். தான் முப்பது வருடம் மனதுக்குள் எண்ணிப் பழகியது, இந்த மனிதனுக்கு மறதியில் வந்திருக்கிறது. இதை யாரிடம் போய் முறையிடுவது? சொன்னால் தன்னுடைய பெருந்தன்மையும் அதோடு போய்விடும்.

வீட்டில் இராசேஸ்வரி தேத்தண்ணீர்க் கறையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. பிரதீபன் முன்னமே வந்து கதையைச் சொல்லிவிட்டான் போல. சோறு போட்டுக் கொடுத்தார். வீரபாகு பிசைந்துகொண்டே இருந்தார்.

"மனசார விரும்பித்தானே சொன்னனீங்கள்?"

"அந்த இடத்தில ஒரு ஓம் விழவேணும். விழாட்டில் பேச்சுப் பழுது."

"ஆரின்ர பேச்சு?"

வீரபாகு சோற்றுக்கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்.

"முப்பது வருசத்தில எனக்கு விழுந்த முதல் ஓமெல்லாம் உன்ர தம்பி சொன்னது. நான் கண்ணாடியைக் கழட்டிச் சொல்ல வைச்சது. ஒருத்தரும் சொல்லிக் குடுக்காமல் ஒரு ஓம் விழுந்தது இண்டைக்குத்தான். அதுவும் அவனுக்கு. அதுவும் என்ர வாயால."

இராசேஸ்வரி பகிடி ஏதோ சொல்ல வாயெடுத்து, அதை விட்டுவிட்டு, கோப்பையில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார்.

பங்கு பிரித்தார்கள். வீரபாகுவின் மூன்று ஏக்கரில் இரண்டில் வேறு ஆட்கள் விதைத்தார்கள். கொழும்புக்குப் போனவர்களில் கொஞ்சப் பேர் திரும்பி வந்தார்கள். ஆவணி முடிவில் அறுவடை. கூட்டு மெசின் வெட்டி முடித்த அடுத்த வெள்ளிக்கிழமை குளக்கட்டுப் பிள்ளையாருக்குப் பொங்கல், அதோடு ஒரு சின்னக் கூட்டம். வீரையாவைப் பேசக் கேட்டார்கள். தண்ணீர் குறைகிற வருடமெல்லாம் இதையே வழக்கமாக வைக்க வேண்டும் என்று கேட்கப் போகிறாராம். ஆனால் ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார். வீரபாகு ஐயா முன் கதிரையில் இருந்தால்தான் பேசுவாராம், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்றாராம்.

போவதில்லை என்றுதான் வீரபாகு இரண்டு நாள் சொன்னார். மூன்றாம் நாள் வெள்ளைச் சட்டை அலுமாரியில் இருந்து வெளியே வந்தது, கறை கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது.

முன் கதிரையில் போய் இருந்தார். மூன்றாம் வரிசை ஓரத்தில் பிரதீபன் வேலை இல்லாமல் அவல் தின்றுகொண்டிருந்தான். வீரையா பேசினார். இந்த முறையும் மைக் கீச்சிட்டது. அறுத்த மூடைக் கணக்குச் சொல்லவில்லை, கொழும்பில் இருந்து திரும்பி வந்தவர்களின் பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் சபையில் ஒரு தலை நிமிர்ந்தது. எவ்வளவு நல்ல யோசனை என்று வீரபாகு பல்லைக் கடித்தார்.

"இவங்க எல்லாம் இந்த வருசம் வீட்டுலதானே இருந்தாங்க?"

நிறுத்தினார். மறந்துவிட்டாரோ, தெரிந்துதான் நிறுத்தினாரோ, அது பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம். சபை வீரையாவைப் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் வீரபாகுவின் பக்கம் திரும்பியிருந்தது. வீரையாவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நெற்றியில் வியர்வை.

வீரபாகு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றில் சொல்லியிருக்கலாம். கொஞ்சம் தவிக்கட்டும் என்று கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் ஆறுதலாகத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திரும்பப் போட்டார். பின்னால் பிரதீபன் பழக்கதோசத்தில் வாய் திறக்கும் சத்தம் கேட்டது. அவனை முந்திக்கொண்டு வீரபாகு சொன்னார்.

"ஓம்."